தக்கோலம்: அம்பா, சுரிகையா?

தக்கோலப் போரை யார் கதையாக எழுதினாலும் கடைசியில் ஓர் அம்பு வந்துவிடுகிறது. யானை மேல் ராஜாதித்தன் நிற்பான். தூரத்தில் கங்க மன்னன் பூதுகன் வில்லை வளைப்பான். அம்பு நெஞ்சில் பாயும், இளவரசன் சாய்வான், சோழப் படை நாலாபக்கமும் சிதறும். எங்கள் அரக்கோணம் நண்பர்களில் ஒரு தம்பி எழுதிக்கொண்டிருக்கும் நாவலிலும் அந்த அத்தியாயம் இப்படித்தான் இருந்தது. அதை அவர் தக்கோலம் ஜலநாதீஸ்வரர் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினார். வாசித்து முடித்ததும் தொடங்கிய வாக்குவாதம் இன்றைக்கும் ஓயவில்லை. அதில் என் பக்கத்தை இங்கே எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது.

நடந்தது 949-இல். ஒரு பக்கம் மதுரையும் ஈழமும் கொண்ட பராந்தக சோழன். களத்தில் நின்றது அவன் மூத்த மகன் ராஜாதித்தன். எதிரில் ராஷ்டிரகூடப் பேரரசன் மூன்றாம் கிருஷ்ணன், நம் கல்வெட்டுகள் கன்னரதேவன் என்று சொல்லும் ஆள். அவனோடு அவன் சகோதரியின் கணவன், கங்க நாட்டு இரண்டாம் பூதுகன். சோழர் தோற்றார்கள், இளவரசன் செத்தான், தொண்டை மண்டலம் கைவிட்டுப் போனது. மீண்டு வர ஒரு தலைமுறைக்கு மேல் பிடித்தது. ராஜராஜன் பெருமையைப் பேசும் நம் ஆட்கள் இந்தத் தோல்வியை இரண்டு வரியில் கடந்துபோவது எனக்கு எப்போதுமே வருத்தம்தான்.

நான் ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன். எந்த வண்டியை எந்த லூப் லைனில் நிறுத்துவது, அடுத்த ஆள் எங்கே ஏறுவார், பின்னால் வரும் வண்டிக்கு எப்போது வழி கிடைக்கும் என்றே காலம் முழுக்க யோசித்தவன். அதனால் போர் என்றாலும் வாள் வீச்சுக்கு முன்னால் எனக்கு வழித்தடம்தான் கண்ணில் படும். தம்பியிடம் நான் கேட்ட முதல் கேள்வியும் அதுதான்: "உன் ராஜாதித்தன் ஏன் தக்கோலத்தில் நிற்கிறான்?"

ராஜாதித்தனின் தளம் தக்கோலம் இல்லை. திருமுனைப்பாடி நாட்டுத் திருநாவலூர், இன்றைய உளுந்தூர்ப்பேட்டைக்குப் பக்கம். அங்கே அவன் பல ஆண்டுகள் படையோடு தங்கியிருந்தான். ஊருக்கே ராஜாதித்தபுரம் என்று பெயர் வந்தது. அவன் தாய் கோக்கிழானடிகள் சேர இளவரசி. அதனாலோ என்னவோ அவன் படையில் மலைநாட்டு வீரர்கள் நிறைய. அவர்கள் கோயிலுக்குக் கொடுத்த கொடைகள் கல்வெட்டில் இருக்கின்றன. திருநாவலூரிலிருந்து தக்கோலம் நேர்கோட்டிலேயே 140 கிலோமீட்டருக்குக் குறையாது. யானை, குதிரை, காலாள், மாட்டு வண்டி எல்லாம் சேர்ந்து நகரும் ஒரு படை நாளொன்றுக்கு 20 கிலோமீட்டர் நடந்தாலே பெரிய விஷயம். ஒரு வாரத்துக்கு மேல் வரும். வளர்ந்த யானை ஒன்று ஒரு நாளைக்கு 150 கிலோ தழை தின்னும், 100 லிட்டருக்கு மேல் தண்ணீர் குடிக்கும். இத்தனை பாட்டையும் பட்டு அவன் வடக்கே வந்திருக்கிறான் என்றால் அதற்குக் காரணம் வேண்டும்.

காரணம் காஞ்சி என்பது என் முடிவு. தக்கோலத்துக்குத் தெற்கே, நேர்கோட்டில் 20 கிலோமீட்டர் சொச்சத்தில் காஞ்சிபுரம். வடமேற்கிலிருந்து வரும் படையைக் காஞ்சியின் வாசலுக்கு வரவிடாமல் தடுக்க, தண்ணீர் இருக்கும் இடமாகப் பார்த்து நின்றிருக்கிறான். தக்கோலத்தின் பழைய பெயரே திருவூறல், ஊறல் என்றால் நீர் ஊறும் இடம். இந்த ஒரு பத்தி இருந்தால் அப்புறம் வரும் ஒவ்வொரு வெட்டுக்கும் அர்த்தம் வந்துவிடும். இல்லாவிட்டால் இரண்டு கூட்டம் ஒரு பொட்டலில் சந்தித்து அடித்துக்கொண்டதாகத்தான் வாசகர் நினைப்பார்.

கிருஷ்ணன் பக்கம் இன்னும் கஷ்டம். அவன் தலைநகர் மான்யகேட்டம் இன்றைய கலபுரகி மாவட்டத்து மால்கேட். அங்கிருந்து தக்கோலம் 500 கிலோமீட்டருக்கு மேல். கங்க நாடு சோறு போடாமல் அந்தத் தூரத்தை எந்தப் படையும் கடக்க முடியாது. முன்பு கங்கர்கள் பராந்தகன் பக்கம்தான் இருந்தார்கள். வாணர் என்ற சிற்றரசர்களை விரட்டிவிட்டு அந்த நிலத்தைக் கங்கன் இரண்டாம் பிருதிவீபதியிடம் கொடுத்தவன் பராந்தகன். பிருதிவீபதி செத்ததும் நிலைமை தலைகீழானது. பூதுகன் தன் அண்ணன் ராசமல்லனைக் கொன்று, கிருஷ்ணனின் துணையோடு கங்க அரியணை ஏறினான். சோழரின் வடமேற்கு வாசலுக்குக் காவலாக இருந்த கதவு அன்றைக்கே எதிரிக்குத் திறந்துவிட்டது. நாவலில் தக்கோலத்தின் முதல் காட்சி தக்கோலத்தில் நடக்கக் கூடாது, கங்க நாட்டில்தான் நடக்க வேண்டும் என்று நான் சொன்னேன். இதைத் தம்பி உடனே ஏற்றுக்கொண்டார்.

அம்பில்தான் சண்டை.

எங்கள் கூட்டத்தில் ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியை ஒருவர் உண்டு, எல்லோருக்கும் டீச்சர். கல்வெட்டுத் தொகுதிகளை வரிவரியாகப் படித்தவர். அவர் இரண்டு சாசனங்களை எடுத்து வைத்தார். ஒன்று ஆனைமங்கலச் செப்பேடு. நாகப்பட்டினம் சூளாமணி விகாரத்துக்கு ராஜராஜன் கொடுத்த ஊரைப் பற்றியது. நெதர்லாந்துக்குப் போய்ச் சேர்ந்ததால் லைடன் செப்பேடு என்பார்கள். அதன் வடமொழிப் பகுதி சோழர் வரலாறு சொல்கிறது. கிருஷ்ணராஜனைப் படையோடு கலங்கடித்த ராஜாதித்தன், கூரிய அம்புகள் நெஞ்சைப் பிளக்க, யானை மேல் இருந்தபடியே விண்ணுலகம் சென்றான் என்கிறது. இன்னொன்று ஆதகூர்க் கல்வெட்டு. மண்டியா மாவட்டம் மத்தூர் வட்டத்தில் கிடைத்த கன்னடக் கல். யானை மேலிருந்த இருக்கையையே போர்க்களமாக்கிப் பூதுகன் ராஜாதித்தனைச் சுரிகையால், அதாவது குத்துவாளால், குத்திக் கொன்றான் என்கிறது.

"அம்பு ஒரு சாசனத்தில், பூதுகன் இன்னொரு சாசனத்தில். பூதுகன் அம்பு எய்தான் என்று எதில் இருக்கிறது?" என்றார் டீச்சர்.

மண்டபத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. லைடன் செப்பேட்டில் பூதுகன் பெயர் இல்லை. ஆதகூர்க் கல் சொல்லும் சாவில் அம்பு இல்லை. இரண்டையும் ஒட்டவைத்து ஒரு காட்சியாக்கியது பின்னால் வந்த கதைசொல்லிகள். நாம் வரலாறு என்று சொல்லித் திரிவது அந்த ஒட்டுவேலையைத்தான்.

எங்கள் தமிழய்யா லைடன் பக்கம். சோழர் குடும்பத்துக்குத் தங்கள் பிள்ளை எப்படிச் செத்தான் என்று தெரியாதா என்பது அவர் வாதம். சோழக் கல்வெட்டுகள் ராஜாதித்தனை "ஆனைமேற்றுஞ்சின" என்றே குறிப்பதையும் எடுத்துக்காட்டினார். நான் ஆதகூர்ப் பக்கம். ஆனைமங்கலக் கொடை ராஜராஜனின் 21-ஆவது ஆட்சியாண்டில், 1006-இல் நடந்தது. அந்த வடமொழிப் பகுதி ராஜேந்திரன் காலத்தில் எழுதப்பட்டது. போர் முடிந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. எழுதியவன் அரசவைப் புலவன். வீரனுக்கு நெஞ்சில் அம்பு என்பது அவன் கைக்குப் பழகிய அலங்காரம். ஆதகூர்க் கல்லோ சக ஆண்டு 872, சௌமிய வருஷம், அதாவது 949-50. போர் நடந்த கையோடு, களத்தில் நின்ற ஆட்களே வைத்தது. ஆனைமேல் துஞ்சியது இரண்டு கதைக்கும் பொருந்துகிறது என்பதால் அந்த அடைமொழியை வைத்து அம்புக்குச் சாட்சி சொல்ல முடியாது.

அந்தக் கல்லின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. அது பூதுகனுக்காக வைத்த கல் இல்லை. ஒரு நாய்க்காக வைத்தது. தக்கோலத்தில் நன்றாகப் போரிட்ட மணலேரன் என்ற வீரனிடம் "வேண்டியதைக் கேள்" என்றான் பூதுகன். அவன் ஊரும் பொன்னும் கேட்கவில்லை, காளி என்ற வேட்டை நாயைக் கேட்டான். பிறகு அந்த நாய் ஒரு பெரிய காட்டுப்பன்றியோடு மோதி, இரண்டும் செத்தன. நாய்க்கு நடுகல் எழுப்பி, நிலமும் விட்டான். கல்லில் நாயும் பன்றியும் மோதும் சிற்பம் இன்றும் இருக்கிறது. சோழ வரலாற்றின் மிகப் பெரிய தோல்விக்கு நமக்குக் கிடைத்த நெருக்கமான சாட்சி இந்த நாயின் நடுகல். பெங்களூரு கஸ்தூரிபா சாலை அரசு அருங்காட்சியகத்தின் பொருள் அது. அந்தப் பக்கம் போகிறவர்கள் தேடிப் பார்க்க வேண்டும்.

இந்தக் கல்வெட்டை முதலில் வாசித்தபோது, பூதுகன் வஞ்சகமாகக் குத்தினான் என்று பொருள் கொண்டார்கள். பிறகு வாசிப்பு திருத்தப்பட்டது. ஆனால் திருத்தம் வந்த பிறகும் கதைகளில் வஞ்சகம் தங்கிவிட்டது. தம்பியின் அத்தியாயத்திலும் பூதுகன் ஒரு புதருக்குப் பின்னாலிருந்துதான் எய்தான். தோற்றது நம் ஆள் என்றால் எதிரி சூதுக்காரனாக இருந்தே தீர வேண்டும் என்ற ஆசை நம் சரித்திர நாவல்களில் நெடுங்காலமாக இருக்கிறது. அது ராஜாதித்தனுக்கும் பெருமை சேர்க்காது. ஓடும் யானைக் கூட்டத்துக்கு நடுவே இன்னொரு யானை மேலிருந்து தாவி, கைக்கெட்டும் தூரத்தில் சுரிகையோடு மோதுவதற்கு அசாத்தியத் துணிச்சல் வேண்டும். எதிரியின் துணிச்சலை ஒப்புக்கொள்கிற கதையில்தான் நம் வீரனும் உயரமாக நிற்பான்.

அம்பா சுரிகையா என்பதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் அதிலிருந்து போரின் போக்கே மாறிவிடுகிறது என்பதுதான். அம்பு எங்கிருந்தும் வரலாம். சோழ அணி குலையாமல் நிற்கும்போதே ஓர் அம்பு இளவரசனைச் சாய்த்திருக்கலாம். அப்படியானால் சாவு முதலில், தோல்வி பின்னால். சுரிகை அப்படி இல்லை. தலைவனின் யானையைச் சுற்றி யானையணி இருக்கும், யானைக் கால்களைக் காக்கக் காலாட்கள் இருப்பார்கள், வில்லாளிகள் இருப்பார்கள். அத்தனை பேரையும் தாண்டி ஒருவன் இளவரசன் இருக்கையிலேயே கால் வைத்துவிட்டான் என்றால், அந்தப் பக்கத்து அணி அதற்கு முன்பே உடைந்துவிட்டது. தோல்வி முதலில், சாவு பின்னால். ராஜாதித்தன் தோற்றுக்கொண்டிருந்த களத்தை விட்டு இறங்காமல் நின்று செத்திருக்கிறான். எனக்கு அது அம்பை விடப் பெரிய சாவாகத் தெரிகிறது.

அணி எப்படி உடைந்தது என்று அடுத்த கேள்வி வரும். ராஷ்டிரகூடக் குதிரைப்படை வெள்ளமாகப் பாய்ந்தது என்று தம்பி எழுதியிருந்தார். இங்கே டீச்சர் அல் மசூதியைக் கொண்டுவந்தார். 10-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவுக்கு வந்த அரபுப் பயணி. ராஷ்டிரகூட அரசனை "பல்ஹரா" என்பார். அவன் தலைநகர் மலைகளுக்கு நடுவே இருப்பதால் படையில் பெரும்பாலும் காலாட்கள்தான் என்று எழுதியிருக்கிறார். மசூதி போருக்கு முந்தைய தலைமுறை, அதனால் இதை வைத்து 949-ஐ முடிவு கட்டக் கூடாது என்றார் தமிழய்யா. நியாயம்தான். ஆனாலும் குதிரை வெள்ளத்துக்கு ஆதாரம் கேட்க அது போதும்.

சொற்கள் பற்றிய சண்டை இதைவிடச் சூடு. தம்பி ஓரிடத்தில் "பனவாசியின் பன்னிரண்டாயிரம் வீரர்கள்" என்று எழுதியிருந்தார். ஆதகூர்க் கல்லில் கிருஷ்ணன் பூதுகனுக்குக் கொடுத்த பரிசுப் பட்டியல் இருக்கிறது: பனவாசி 12000, பெள்வொலம் 300, புரிகெறெ 300, கிசுகாடு 70, பாகெநாடு 70. இவை நாடுகளின் பெயரோடு வரும் எண்கள், ஆள் கணக்கு இல்லை. நம் மெய்க்கீர்த்தியில் வரும் "இரட்டபாடி ஏழரை இலக்கம்" மாதிரிதான். ஏழரை லட்சம் பேர் கொண்ட படை என்று அதையும் எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பட்டியலைப் பரிசாகவே படித்தால் இன்னொன்று புரியும். ஒரு குத்துக்கு யாரும் இத்தனை நாட்டைத் தரமாட்டார்கள். வழி விட்டதற்கும், சோறு போட்டதற்கும், பக்கத்தில் நின்றதற்கும் சேர்த்துக் கொடுத்த விலை அது.

யானை மேல் கட்டும் இருக்கையைச் சொல்லும் அம்பாரி இன்னொன்று. அது அரபு, பாரசீக வழியாகப் பிற்காலத்தில் வந்த சொல். 949-இல் நடக்கும் கதையில் பாத்திரத்தின் வாயில் வரக் கூடாது என்பது தமிழய்யாவின் கண்டிப்பு. தவிசு என்றே எழுதச் சொன்னார். கதை சொல்பவன் குரலில் வந்தால் பரவாயில்லை, பேச்சில் வரக் கூடாது என்று நான் சமாதானம் சொல்லிப் பார்த்தேன். அவர் கேட்கவில்லை.

வேளைக்காரப் படைக்குத்தான் அதிக நேரம் போனது. ராஜாதித்தனைச் சுற்றி, அவனோடு சாவதாகச் சபதம் செய்த வேளைக்காரர்களைத் தம்பி நிறுத்தியிருந்தார். படைகளின் பெயர்கள் வரிசையாகக் கிடைப்பது தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில். வில்லிகள், ஆனையாட்கள், குதிரைச் சேவகர், தெரிந்த கைக்கோளர், வேளைக்காரர் என்று படிக்கவே கம்பீரமாக இருக்கும். ஆனால் அது ராஜராஜன் அமைப்பு. அப்படியே தூக்கி 50 ஆண்டு பின்னால் வைக்கக் கூடாது என்றார் டீச்சர். அதோடு, வேளைக்காரர் என்றால் கேள்வி கேட்காமல் சாகும் பொம்மைகள் என்ற எண்ணமும் தவறு. இலங்கையில் விஜயபாகு சோழர் மேல் படையெடுக்கக் கிளம்பியபோது, அவன் படையிலிருந்த வேளைக்காரர்களே வரமாட்டோம் என்று கலகம் செய்ததை இலங்கை வரலாற்று நூலான சூளவம்சம் சொல்கிறது. சபதம் செய்தவனுக்கும் சொந்தக் கணக்கு உண்டு. அந்த மனிதனை எழுதினால் நாவல் தேறும்.

பின்வாங்கல் பற்றித் தமிழய்யா சொன்னதை மறக்க முடியாது. இளவரசன் சாய்ந்த பிறகு படை சிதறியது என்று எல்லோரும் ஒரு வரியில் முடிக்கிறார்கள். நம் புறப்பொருள் இலக்கணம் போரைப் பாடும் தும்பைத் திணையில் அதற்கென்றே ஒரு துறை வைத்திருக்கிறது: எருமைமறம். தன் படை முதுகு காட்டும்போது, அதன் பின்னால் தனியாக நின்று எதிரியைத் தாங்குபவனைப் பாடுவது. தொல்காப்பியமும் கூழை தாங்குவதைச் சொல்கிறது, கூழை என்றால் பின்படை. தோற்ற படையின் கடைசி வரிசையில் நின்றவனுக்கு ஒரு துறை ஒதுக்கிய மொழியில் எழுதிக்கொண்டு, பின்வாங்கலை ஒரு வரியில் தாண்டுவது அநியாயம் என்றார். தக்கோலத்திலிருந்து காஞ்சி வரை அந்த 20 கிலோமீட்டரில் யார் யார் நின்றார்கள் என்பதே ஓர் அத்தியாயம்.

கடைசியாக வெள்ளன் குமரன். ராஜாதித்தனின் படைத்தலைவன், கேரளத்துக்காரன். தென்பெண்ணைக் கரையில் கிராமம் என்ற ஊரில் 943-இல் சிவனுக்குக் கற்றளி, அதாவது கற்கோயில், எடுத்தவன். அந்தக் கல்வெட்டில் பராந்தகனின் 36-ஆவது ஆட்சியாண்டோடு கலி ஆண்டு 4044-உம் இருக்கிறது. போருக்குப் பத்து ஆண்டு கழித்து, திருவொற்றியூரில் சதுரானன பண்டிதர் என்ற துறவி ஒருவர் வருகிறார். கேரளத்தில் பிறந்து, ராஜாதித்தனுக்கு உற்ற துணையாக இருந்து, அவன் செத்தபோது உடன் சாக முடியாமல் போனதால் துறவு பூண்டவர் என்று கல்வெட்டு சொல்கிறது. இருவரும் ஒருவரே என்பது ஆய்வாளர் கருத்து. அந்தக் கல்வெட்டில் ஓடும் ஆட்சியாண்டு கன்னரதேவனுடையது. தன் தலைவனைக் கொன்றவனின் ஆண்டுக்கணக்கில்தான் அவர் தன் துக்கத்தைப் பதிய வேண்டியிருந்தது. 959 வாக்கில் கன்னரதேவன் மேல்பாடியில் முகாமிட்டு, பிடித்த நாடுகளைத் தன் ஆட்களுக்குப் பங்கு போட்டுக்கொண்டிருந்தான்.

அன்றைக்கு வெள்ளன் குமரன் ஏன் களத்தில் இல்லை? கல்வெட்டு காரணம் சொல்லவில்லை. இந்த இடம் முழுக்க நாவலாசிரியனுக்குச் சொந்தம். திருநாவலூர்த் தளத்தைக் காக்க விட்டுவிட்டுப் போயிருக்கலாம் என்கிறார் டீச்சர். காஞ்சிக்கு மேற்கே இன்னொரு வழியை அடைக்க அனுப்பியிருக்கலாம், கிருஷ்ணன் எந்த வழியாக வருவான் என்று தெரியாத நிலையில் ராஜாதித்தன் படையைப் பிரித்திருப்பான் என்பது என் எண்ணம். அப்படியானால் அணி உடைந்ததற்கும் காரணம் கிடைத்துவிடுகிறது. படையைப் பிரிப்பவன் நல்ல தளபதி இல்லை என்று தமிழய்யா இதையும் மறுக்கிறார். இரண்டு வழியையும் காக்க வேண்டியவனுக்கு வேறென்ன செய்ய முடியும் என்று நான் திருப்பிக் கேட்டேன்.

தம்பி புதருக்குப் பின்னால் இருந்த பூதுகனை எடுத்துவிட்டார். சுரிகை வந்துவிட்டது, தவிசும் வந்துவிட்டது. பனவாசி 12000 பரிசுப் பட்டியலுக்குத் திரும்பிவிட்டது. வெள்ளன் குமரனை எங்கே நிறுத்துவது என்று மட்டும் இன்னும் முடிவாகவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாலாற்றுத் துறைகளைக் குறித்த வரைபடத்தோடு வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.